அத்தியாயம் 7: கார் பிறந்த ஊரில் சாவி வாங்குவது

உள்ளூர் டீலரிடம் புக் செய்து, பணத்தையும் அவரிடமே கட்டிவிட்டு, சாவியை மட்டும் ஜெர்மனிக்கோ சுவீடனுக்கோ போய் வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. தொழிற்சாலை வாசலில் வண்டியை எடுக்கிறீர்கள். ஒன்றிரண்டு வாரம் ஐரோப்பாவைச் சுற்றுகிறீர்கள். பிறகு கப்பலில் ஏற்றுகிறவர்களிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு விமானத்தில் வீடு திரும்புகிறீர்கள். சில வாரம் கழித்து வண்டி கடல் கடந்து உங்கள் டீலரிடம் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் இதை ‘யூரோப்பியன் டெலிவரி’ என்கிறார்கள். அங்கே குடியிருந்து சொகுசுக் கார் வாங்கும் தமிழர்களுக்காகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது ஏன் ஒத்துவராது என்பதையும் இடையில் சொல்லியிருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் சாவி வாங்கும் நாளை வைத்துத்தான் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். நம்பர் பிளேட், இன்சூரன்ஸ், வரிவிலக்கு, கப்பல் ஆகிய நான்கும் வண்டியை ஒப்படைக்கும் நாளைச் சுற்றி ஓடுபவை. அந்த நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். இதில் வரக்கூடிய சிக்கல்களில் பாதி அப்போதே தீர்ந்துவிடும்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல்

ஒரு காலத்தில் ஜெர்மனியின் பெரிய கம்பெனிகள் எல்லாமே அமெரிக்க வாடிக்கையாளருக்கு இந்த வசதியைக் கொடுத்தன. மியூனிக்கில் 2007-ல் திறந்த ‘பிஎம்டபிள்யூ வெல்ட்’, வண்டியை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதை ஒரு விழாவாகவே நடத்துவதற்கென்று கட்டியது. ஆனால் 2020-ல் பிஎம்டபிள்யூ அமெரிக்கர்களுக்கான திட்டத்தை மூடிவிட்டது. மெர்சிடிஸும் அதே காலத்தில் கையைக் கழுவிக்கொண்டது. மியூனிக் கட்டடத்தில் ஜெர்மானியர்கள் இன்றும் வண்டி எடுக்கிறார்கள். அமெரிக்க டீலர் வழியாகப் போகும் கதவுதான் அடைபட்டது. பிஎம்டபிள்யூதான் வேண்டும் என்பவர்கள் தென் கரோலினாவில் ஸ்பார்டன்பர்க் ஆலைக்கு அருகே உள்ள ஓட்டப் பயிற்சி மையத்தில் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். கடல் தாண்ட வேண்டியதில்லை.

இன்று விசாரிக்க வேண்டிய முதல் இரண்டு பெயர்கள் போர்ஷேயும் வோல்வோவும். போர்ஷேயில் ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன், லைப்சிக் என்று இரண்டு இடங்கள். வோல்வோவுக்கு சுவீடனின் கோத்தன்பர்க். அங்கே ‘வேர்ல்ட் ஆஃப் வோல்வோ’ என்ற புதிய வளாகம் 2024-ல் திறந்தது. இந்தத் திட்டங்களைத் திறப்பதும் மூடுவதும் கம்பெனியின் இஷ்டம். ஆகவே வாய்வார்த்தையை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். ஆர்டர் படிவத்தில் டெலிவரி இடம் அச்சில் வந்திருந்தால்தான் அது உண்மை.

மாடலும் பொருந்த வேண்டும். வண்டி ஐரோப்பாவில் தயாராவதாக இருந்தால்தான் இந்தப் பேச்சே. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 ஸ்பார்டன்பர்க்கிலேயே தயாராகிறது. அதை எடுக்க யாரும் ஐரோப்பா போகத் தேவையில்லை. போர்ஷே 911 சுஃபன்ஹவுசனில் பிறப்பது. பனமேராவும் மக்கானும் லைப்சிக் வண்டிகள். வோல்வோ எக்ஸ்சி60, எக்ஸ்சி90 இரண்டும் கோத்தன்பர்க்கின் டோர்ஸ்லாண்டா ஆலையிலிருந்து வருகின்றன.

மின்சாரக் காரில் இன்னொரு தடங்கல். அமெரிக்காவுக்கென்று செய்த வண்டியின் சார்ஜிங் துவாரமும் ஐரோப்பியச் சார்ஜரின் பிளக்கும் வேறு வேறு வடிவம். தெருவுக்குத் தெரு சார்ஜர் இருந்தும் உங்கள் வண்டியில் அது நுழையாது. பிளக்-இன் ஹைபிரிட் என்றால் பெட்ரோலில் ஓட்டிச் சமாளிக்கலாம்.

இந்தியாவில் இருப்பவருக்கு

சென்னையில் குடியிருந்துகொண்டு ஸ்டுட்கார்ட்டில் வண்டியை எடுத்து ஓட்டிவிட்டு, சென்னைத் துறைமுகத்தில் ‘புதுக் கார்’ என்று இறக்க முடியாது. இந்திய இறக்குமதி விதிப்படி, எந்த நாட்டிலும் பதிவு செய்யப்படாத, முன்பு விற்கப்படாத வண்டிதான் புதியது. தற்காலிக நம்பரில் பத்து நாள் ஓட்டினாலும் அது பதிவான வண்டி. சட்டத்தின் கண்ணுக்கு செகண்ட் ஹாண்ட். அதற்கான விதிகள் வேறு: வயது மூன்று ஆண்டுக்குள், வலது பக்க ஸ்டியரிங், மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும். விலை உயர்ந்த காருக்கு இறக்குமதி வரியே காரின் விலையைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் வாங்கிய இடது ஸ்டியரிங் வண்டியை ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவரலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் இந்த விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் வாங்கும் பிஎம்டபிள்யூக்களில் பெரும்பாலானவை செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் 2007 முதல் பூட்டப்பட்டு வருகின்றன. வண்டி பிறந்த ஊர் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது.

காசுக் கணக்கு

முன்பெல்லாம் தொழிற்சாலையில் எடுப்பவருக்கு அமெரிக்க விலையில் ஒரு தள்ளுபடி கிடைக்கும். விமானச் செலவையே அது ஈடுகட்டிவிடும் என்று சொல்வார்கள். வோல்வோ இரண்டு பேருக்கு விமான டிக்கெட்டும் ஒரு இரவு ஓட்டல் தங்கலும் சேர்த்தே கொடுத்துவந்தது. போர்ஷேயில் நிலைமை வேறு. அங்கே லாபம் பார்த்து யாரும் போவதில்லை. அந்த அனுபவத்துக்குத்தான் காசு. ஆகவே டீலரிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: இங்கேயே எடுத்தால் மொத்தம் எவ்வளவு, அங்கே போய் எடுத்தால் எவ்வளவு? இரண்டையும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள்.

அந்தத் தாளில் இவையும் இருக்க வேண்டும்:

• ஐரோப்பாவில் வண்டிக்கான இன்சூரன்ஸ் எத்தனை நாளுக்கு இலவசம், கூடுதல் நாளுக்குக் கட்டணம் என்ன, விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு.

• எடுத்த ஊரிலேயே ஒப்படைத்தால் என்ன, வேறு ஊரில் விட்டால் என்ன கட்டணம்.

• கடனோ லீஸோ எடுத்திருந்தால் முதல் தவணை எப்போது தொடங்கும். வண்டி கப்பலில் மிதந்துகொண்டிருக்கும்போதே தவணை ஓட ஆரம்பித்திருக்கலாம். வண்டியை நாட்டுக்கு வெளியே ஓட்ட ஃபைனான்ஸ் கம்பெனி சம்மதிக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

• வாரண்டி எந்தத் தேதியிலிருந்து: ஐரோப்பாவில் சாவி வாங்கிய நாளா, ஊரில் கைக்கு வந்த நாளா?

• சுங்க வரி உயர்ந்தால் யார் தலையில்? ஐரோப்பியக் கார்களுக்கு அமெரிக்கா பல ஆண்டுகளாக 2.5 சதவீதம்தான் வாங்கிவந்தது. 2025-ல் அது ஒரே ஆண்டில் பல மடங்கானது. ஆர்டர் போட்ட நாளுக்கும் கப்பல் கரை சேரும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி இருப்பதால் இந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் அவசியம்.

ஜெர்மனியின் 19 சதவீத மதிப்புக் கூட்டு வரி உங்களுக்கு இல்லை. வண்டி ஏற்றுமதியாகிறது என்பதுதான் காரணம். ஆனால் அது குறித்த காலத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினால்தான் இந்த விலக்கு நிற்கும். ஒப்படைக்கும் தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

கடைசி நாளில் தொடங்குங்கள். விமானம் ஏறும் நாளுக்கு ஒரு முழு வேலை நாள் முன்னதாக ஒப்படைப்பு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகளே மூடியிருக்கும். வண்டி வாங்கிக்கொள்ளும் அலுவலகம் சனி, ஞாயிறில் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அரசு விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பவேரியாவில் அடைத்த நாளில் சாக்சனியில் திறந்திருக்கலாம். நீங்கள் ஒப்படைக்கும் ஊரின் விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள்.

அதற்கு முன்னால் ஓட்டும் நாட்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாள் போதும். அதற்கும் முன்னால், விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளையும் சும்மா விட்டுவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து இரவு முழுக்கப் பறந்து வந்த தூக்கக் கண்ணோடு முன்பின் ஓட்டாத வண்டியில், முன்பின் போகாத ஊரில் ஏறக் கூடாது. டெலிவரி அதற்கு அடுத்த நாளில் இருக்கட்டும்.

மாதம் எது? மே கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரை நல்லது. ஸ்டெல்வியோ போன்ற உயர்ந்த கணவாய்கள் பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். சொகுசுக் கார்கள் பெரும்பாலும் கோடைக்கால டயரோடுதான் வெளியே வரும். பனி விழும் சாலையில் அந்த டயரோடு ஓட்டுவது ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சட்டப்படியே குற்றம். ஆகஸ்டில் பள்ளி விடுமுறை. ஆல்ப்ஸ் சாலைகளில் வண்டிகள் எறும்பாக ஊரும். ஜூன் அல்லது செப்டம்பர் கிடைத்தால் விட வேண்டாம்.

இனி ஆர்டர். நிறமும் தோலும் கூடுதல் வசதிகளும் பூட்டப்படும் நாள் ஒன்று உண்டு; அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. தயாரிப்பு வரிசையில் இடம் கிடைத்து டெலிவரி தேதி உறுதியாக மாதங்கள் ஆகும். ஆறு மாதம் முன்பே பேச்சைத் தொடங்குங்கள். பணத்தைத் திருப்பித் தராத விமான டிக்கெட்டை, டெலிவரி தேதி எழுத்தில் வரும்வரை எடுக்கக் கூடாது.

பாஸ்போர்ட், விசா, லைசென்ஸ்

அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் 90 நாள் வரை ஷெங்கன் விசா தேவையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால், கிரீன் கார்டு இருந்தாலும், சுற்றுலாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாவி ஸ்டுட்கார்ட்டில், தங்கல் பெரும்பாலும் இத்தாலியில் என்றால் விண்ணப்பம் இத்தாலியத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, ஐ-797 நீட்டிப்புக் கடிதம் மட்டும் கையில் இருக்கிறதா? அமெரிக்காவில் வேலை பார்க்க அது போதும். ஜெர்மனியிலிருந்து திரும்பி உள்ளே நுழையப் போதாது. கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் குறுகிய பயணம் போய்வருகிறவர்களுக்கு உள்ள சலுகை ஐரோப்பாவுக்குக் கிடையாது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் வெளியேறும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காரை அனுப்பிவிட்டு நாம் மாட்டிக்கொள்ளும் கூத்து வேண்டாம்.

அமெரிக்க மாநில லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரியாவும் இத்தாலியும் அதைக் கேட்கும். அமெரிக்காவில் ‘ஏஏஏ’ அலுவலகங்களில் பாஸ்போர்ட் அளவு புகைப்படத்தோடு போனால் கிடைக்கும். மனைவியோ கணவரோ ஓட்டப்போகிறார் என்றால் அவர் பெயர் இன்சூரன்ஸில் ஏறியிருக்க வேண்டும்.

சாவி வாங்கும் நாள்

சுஃபன்ஹவுசனுக்கு ஸ்டுட்கார்ட் மையத்திலிருந்து எஸ்6 புறநகர் ரயில் போகிறது. நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் எதிரே தூண்களின் மேல் மிதப்பதுபோல் நிற்பது 2009-ல் திறந்த போர்ஷே அருங்காட்சியகம். டெலிவரியோடு ஆலைச் சுற்றிப்பார்ப்பும் உண்டு. 911 எஞ்சினைக் கையால் பூட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் வண்டியின் பின்பக்க மூடியைத் திறந்து நிற்பது தனி சந்தோஷம்தான். லைப்சிக்கில் வேறு கவர்ச்சி. ஆலையை ஒட்டியே 3.7 கிலோமீட்டர் பந்தயப் பாதை இருக்கிறது. உலகின் பெயர்பெற்ற பந்தயத் தளங்களின் வளைவுகளை அதில் நகல் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய மாடலில் அவர்களுடைய வண்டியைக் கொடுத்து, பயிற்சியாளர் ஒருவரோடு ஓட்டவிடுவார்கள். உங்கள் புது வண்டி அலுங்காமல் ஹாலில் நிற்கும். வேகம் பிடித்தவர்களுக்கு லைப்சிக். பழைய கார்களின் கதை பிடித்தவர்களுக்கு ஸ்டுட்கார்ட்.

வெளிச்சம் கொட்டும் ஹாலில் கைகுலுக்கி, படம் எடுத்து, ஷாம்பெயினும் நீட்டுவார்கள். மதுவை மறுத்து ஜூஸ் கேளுங்கள். அரை மணியில் ஸ்டியரிங் பிடிக்கப்போகிறீர்கள். உணர்ச்சி அடங்கிய பிறகு வேலையைப் பாருங்கள்.

முதலில் நம்பர் பிளேட். ஜெர்மனியின் ஏற்றுமதி பிளேட்டில் வலது ஓரமாக ஒரு சிவப்புப் பட்டை இருக்கும். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள்: நாள், மாதம், ஆண்டு. உங்கள் இன்சூரன்ஸும் பதிவும் அந்த நாளோடு செத்துவிடும். அதற்கு மறுநாள் ஓட்டினால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. ஒப்படைக்கும் நாள் அதற்குள் வருகிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

இரண்டாவது, சர்வதேச இன்சூரன்ஸ் சான்றிதழ். ‘கிரீன் கார்டு’ என்பார்கள். இப்போது வெள்ளைத் தாளிலும் அச்சாகி வருகிறது. அமெரிக்க கிரீன் கார்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் நாடுகளின் குறியெழுத்துகள் கட்டம் கட்டமாக இருக்கும். குறுக்கே கோடு போட்ட நாட்டில் உங்கள் இன்சூரன்ஸ் செல்லாது. நீங்கள் போகவிருக்கும் நாடுகள் ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வண்டி. மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். நான்கு சக்கர ரிம்களையும் குனிந்து பார்த்து ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். பிற்பாடு நடைபாதைக் கல்லில் உரசியதா, முன்பே இருந்ததா என்ற தகராறு ரிம்மில்தான் வரும். கண்ணாடி, பம்பர் ஓரங்கள், கதவு விளிம்பு, கூரை. ஆர்டர் தாளை வைத்து வசதிகளை ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். சேஸிஸ் நம்பர் பதிவுத் தாளிலும் வண்டியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். குறை ஏதாவது இருந்தால் ஒப்படைப்புத் தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நான்காவது, டிக்கி. எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேல்சட்டை மூன்றும் ஜெர்மன் சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டும். முன்கண்ணாடியில் பச்சை நிற சுற்றுச்சூழல் வில்லையும் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டுட்கார்ட், மியூனிக், லைப்சிக் நகரங்களுக்குள் அது இல்லாமல் போகக் கூடாது.

பூஜை? டெலிவரி ஹாலில் கற்பூரம் ஏற்றினால் தீ எச்சரிக்கை மணிதான் அடிக்கும். சந்தனம், குங்குமம், நான்கு எலுமிச்சம்பழம் போதும்; அதையும் வாசல் தாண்டி வந்து வைத்துக்கொள்ளுங்கள். முறையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஹம் நகரத்தின் ஊன்ட்ராப் பகுதியில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002-ல் குடமுழுக்கு நடந்த, ராஜகோபுரத்தோடு கூடிய பெரிய கோயில். ஏ2 நெடுஞ்சாலையிலிருந்து பக்கம்தான். ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் லைப்சிக்கிலிருந்தும் ஒரு நாளில் போய்ச் சேரும் தூரம்.

சாலையில்

ஆட்டோபானில் வேக வரம்பே கிடையாது என்பது பாதி உண்மை. பல பகுதிகளில் வரம்பு உண்டு. பலகை இல்லாத இடத்தில் மட்டும்தான் கட்டற்ற வேகம். அங்கேயும் 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை வேகம். அதற்கு மேல் போய் விபத்து நடந்தால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும், நஷ்டத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்ட முடியும்.

போதாததற்கு உங்கள் வண்டியே வேகம் கேட்காது. புது எஞ்சினுக்குப் பழகும் காலம் உண்டு. போர்ஷே முதல் 3,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் சுழற்சியை 4,000-க்குள் வைக்கச் சொல்கிறது. பிரேக்கும் டயரும் முழுப் பிடிப்புக்கு வரவும் சில நூறு கிலோமீட்டர் ஆகும். முதல் நாளை ஊருக்கு வெளியே உள்ள மாவட்டச் சாலைகளில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். எட்டாவது கியரில் 4,000 சுழற்சிக்குள்ளேயே எந்த மனிதனுக்கும் போதுமான வேகம் கிடைக்கும் என்பதால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

விதிகளில் மூன்று நமக்குப் புதிது. வலது பக்கமாக ஓவர்டேக் செய்வது குற்றம். இடது தடம் முந்துவதற்கு மட்டும், முந்தியதும் வலப்பக்கம் திரும்பிவிட வேண்டும். நெரிசலில் வண்டிகள் நின்றால் இடது ஓரத் தடத்தில் இருப்பவர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்ஸுக்கு நடுவே வழி விட வேண்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. பெட்ரோல் தீர்ந்து ஆட்டோபானில் நின்றால், தவிர்த்திருக்கக்கூடிய நிறுத்தம் என்று அபராதம் போடுவார்கள்.

பெட்ரோல் பம்பில் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆக்டேனை வேறு முறையில் கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் 91 என்பது இங்கே ஏறத்தாழ 95. அங்கே 93 என்றால் இங்கே 98. வண்டியின் மூடியில் எழுதியிருப்பதைப் பார்த்து ‘சூப்பர் பிளஸ்’ போட்டால் தவறு வராது. ஆட்டோபான் ஓரத்து பம்புகளில் விலை அதிகம். ஊருக்குள் இறங்கி நிரப்புங்கள்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆல்ப்ஸுக்கு அரை நாள் ஓட்டம். ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். பிராட்டோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். அகலமான வண்டி, எதிரே பஸ், வளைவில் சைக்கிள் கூட்டம் என்று மூன்றும் சேர்ந்து வரும். விடியற்காலையில் ஏறிவிடுங்கள். ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் சாலை 48 கிலோமீட்டர், 36 வளைவுகள். 1935-ல் திறந்த கட்டணச் சாலை. அகலமாகவும் பராமரிப்போடும் இருப்பதால் புது வண்டிக்கு இதுவே உத்தமம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் குரோஸ்குளோக்னரைத் தேர்ந்தெடுங்கள்.

ஆஸ்திரிய, சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கு ‘விக்னெட்’ என்ற கட்டண வில்லை வேண்டும். ஆஸ்திரியாவில் சில நாளுக்கானதும் கிடைக்கும்; சுவிட்சர்லாந்தில் ஓராண்டுக்கானது மட்டும், 40 பிராங்க். டிஜிட்டல் விக்னெட் நம்பர் பிளேட்டோடு இணைந்தது. உங்கள் நம்பரோ சாவி வாங்கும் நாளில்தான் தெரியும். ஆகவே ஊரிலிருந்தே வாங்கிவிடலாம் என்று முயல வேண்டாம்.

ஆஸ்திரியாவில் வேகத்தோடு விளையாடாதீர்கள். 2024 மார்ச் முதல், ஊருக்குள் வரம்பைவிட 80 கிலோமீட்டருக்கு மேலும் வெளியே 90-க்கு மேலும் தாண்டி ஓட்டினால் வண்டியையே பறிமுதல் செய்து ஏலம்விடச் சட்டம் இருக்கிறது. இத்தாலியில் ஃபுளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களின் மையம் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டும். கேமரா படம் பிடித்து அபராதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்பும். ஓட்டல் பதிவு செய்யும்போதே பார்க்கிங் எங்கே, நுழைவாயில் எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். ஐரோப்பிய நிலத்தடிப் பார்க்கிங்குகள் சின்னக் கார் காலத்தில் கட்டியவை. ரிம் உரசுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஒப்படைக்கும் நாள்

முந்தின நாள் வண்டியைக் கழுவுங்கள். அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் விடாமல் கழுவச் சொல்லுங்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் வேளாண்மைத் துறை வெளிநாட்டு மண்ணை உள்ளே விடாது. மலைச்சாலைச் சேறு ஒட்டியிருந்தால் வண்டி அங்கே நின்றுவிடும். பெட்ரோல் கால் டேங்க் போதும். டிக்கியில் வாங்கிய சாமான், சாக்லேட், துணி எதையும் வைக்காதீர்கள். கப்பல் இன்சூரன்ஸ் அதற்குப் பொறுப்பாகாது, சுங்கத்திலும் சிக்கல் வரும். முன்கண்ணாடியில் தொங்கும் மாலை, டேஷ்போர்டுப் பிள்ளையார் இரண்டும் உங்களோடு விமானத்தில் வரட்டும்.

ஒப்படைக்கும் இடத்தில் வண்டியைச் சுற்றி ஒரு பரிசோதனை நடக்கும். அவசரப்படாமல் கூடவே நடங்கள். ஏதாவது கீறல் விழுந்திருந்தால் மறைக்காமல் சொல்லிப் பதிவு செய்யுங்கள்; எடுத்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் நடந்தது பயண இன்சூரன்ஸ் கணக்கு, இன்றைக்குப் பிறகு நடப்பது கப்பல் கணக்கு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது இந்தத் தாள்தான். கிலோமீட்டர் அளவு தெரியும்படி ஒரு படம், நான்கு பக்கமும் நான்கு படம், கையெழுத்திட்ட ஒப்படைப்புச் சீட்டு ஆகியவை இல்லாமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள். ஒரு சாவி அவர்களிடம், இன்னொன்று உங்களிடம்.

அமெரிக்கச் சுங்கத்துக்கான படிவங்களில் கையெழுத்து கேட்பார்கள்: புகை விதிக்கு ஒன்று, பாதுகாப்பு விதிக்கு ஒன்று, உங்கள் சார்பில் சுங்க முகவர் செயல்படும் அதிகாரப் பத்திரம் ஒன்று. டீலரே இவற்றைப் பயணத்துக்கு முன் தயார் செய்து தருவது வழக்கம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

கடலில்

ஒப்படைத்த நாளிலிருந்து ஊர் டீலரிடம் வந்து சேர ஆறு முதல் பத்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் கப்பலுக்கும் சுங்கத்துக்கும் காத்திருக்கும் நேரம். இந்த இடைவெளிக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பழைய காரை ஐரோப்பா போகும் முன்பே விற்றுவிடாதீர்கள்.

கடல் இன்சூரன்ஸை வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் ஜெர்மனியின் எம்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பிய ‘ஃபெலிசிட்டி ஏஸ்’ கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்தது. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி உட்பட சுமார் 4,000 கார்களோடு மார்ச் 1-ஆம் தேதி மூழ்கியது. அப்படி ஒன்று நடந்தால் உங்கள் வண்டியை மறுபடி செய்து தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா, அதுவரை கடன் தவணை யார் கட்டுவது? ஆர்டர் போடும் நாளில் கேட்டால் எளிதாகப் பதில் வரும்.

புறப்படும் முன் ஒரு முறை

1. ஒப்படைக்கும் தேதியும் இடமும் எழுத்தில் இருக்கிறதா? அது வேலை நாளா?

2. பிளேட்டில் வரப்போகும் சிவப்புப் பட்டைத் தேதியை டீலரிடம் கேட்டீர்களா? அதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பாக ஒப்படைக்கும் தேதி வருகிறதா?

3. போகும் நாடுகள் எல்லாம் இன்சூரன்ஸில் அடங்கும் என்று டீலர் உறுதி சொன்னாரா? ஓட்டப்போகிற எல்லோர் பெயரும் ஏறியிருக்கிறதா?

4. ஷெங்கன் விசா சரியான தூதரகத்திலிருந்து வந்ததா? அமெரிக்காவுக்குத் திரும்பும் விசா முத்திரை உயிரோடு இருக்கிறதா?

5. சர்வதேச ஓட்டுநர் அனுமதி கையில் இருக்கிறதா?

6. கடன், வாரண்டி, சுங்க உயர்வு, கப்பல் விபத்து நான்குக்கும் டீலரின் பதில் எழுத்தில் வந்ததா?

7. ஓட்டல்கள் எல்லாவற்றிலும் பார்க்கிங் உறுதியா?

இந்த ஏழில் எதற்காவது ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் வந்தால் பயணத்தை ஒரு மாதம் தள்ளுங்கள். வண்டிக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது; தேதி மாற்றும் கட்டணம் இருந்தாலும், வரிவிலக்கு பறிபோவதைவிட அது சின்னத் தொகைதான்.